விளக்கு எரியும்போதே ஆளைத் தேடுங்கள்!

ஐப்பசி மாதம். இரவு 9 மணி. திருவேங்கடத்தில் நல்ல மழை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு வீட்டில் திடீரென்று விளக்கு அணைகிறது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. எதிர் வீட்டில் டி.வி. பாடுகிறது. இந்த ஒரு வீட்டில் மட்டும் இருட்டு!

வீட்டுக்காரர் செல்போன் வெளிச்சத்தில் பியூஸ் பெட்டியைத் திறக்கிறார். கருகிய நாற்றம் அடிக்கிறது. குழந்தை அழுகிறது. படுக்கையில் கிடக்கும் ஆச்சி, "காத்தே வரலையே" என்கிறாள்.

"அண்ணாச்சி, எலெக்ட்ரீசியன் யாராவது தெரியுமா?" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்.

"நமக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருந்தான். திருப்பூருக்குப் போயிட்டான். பஜார்ல கேட்டுப் பாருங்க."

பஜாரில் கடைகளை அடைத்துவிட்டார்கள். நாலு பேரிடம் சொல்லி, கடைசியில் யாரோ ஒருவர் வருகிறார். அவர் யார்? தொழில் படித்தவரா? எங்கே வேலை செய்தவர்? கேட்பதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. இருட்டில் கேள்வி கேட்கத் தோன்றாது.

வந்தவர் ஒரு தடித்த செம்புக் கம்பியை எடுக்கிறார். பியூஸில் சுற்றுகிறார். மாட்டுகிறார். விளக்கு எரிகிறது! கேட்ட பணத்தைக் கொடுக்கிறார்கள். அவர் போய்விடுகிறார். எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆனால் அந்த வீடு முன்னைவிட ஆபத்தான வீடாக ஆகிவிட்டது. அது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது!

திருவேங்கடத்தில் மட்டும் அல்ல. சங்கரன்கோவில், தென்காசி, குற்றாலம் எங்கே போனாலும் இதே கதைதான்.

காவல்காரனைக் கொல்லலாமா?

பியூஸ் என்பது என்ன? மெல்லிய கம்பி. அது ஒரு காவல்காரன். வயர் தாங்காத அளவுக்கு மின்சாரம் பாய்ந்தால், முதலில் அந்த மெல்லிய கம்பி உருகி அறுந்துவிடும். மின்சாரம் நின்றுவிடும். சுவருக்குள் இருக்கும் வயர் தப்பிக்கும். வீடும் தப்பிக்கும்.

பியூஸ் போனால், "எங்கேயோ தவறு இருக்கிறது, பார்" என்று அது சொல்கிறது. அந்தத் தவறு எது என்று தேடுகிறவர் எலெக்ட்ரீசியன். தடித்த கம்பியைப் போட்டு அதன் வாயை அடைக்கிறவர் எலெக்ட்ரீசியன் அல்ல. அடுத்த தடவை பியூஸ் உருகாது. சுவருக்குள் இருக்கும் வயர் உருகும். நடுநிசியில், எல்லாரும் தூங்கும்போது உருகும்!

இப்போது பல வீடுகளில் பழைய பியூஸ் இல்லை. எம்.சி.பி. என்ற சிறு சுவிட்ச் இருக்கிறது. அது தானாகவே விழும். திரும்பத் தூக்கிவிட்டால் வேலை செய்யும். ஒரு தடவை விழுந்தால் தூக்கிவிடலாம். மறுபடியும் மறுபடியும் விழுந்தால் தூக்கக் கூடாது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

அன்று 2 விளக்கு, இன்று?

நெல்லைச் சீமைக்கு மின்சாரம் கொடுத்தது தாமிரபரணி. 1944-ம் ஆண்டு பாபநாசத்தில் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து கம்பி மெல்ல மெல்ல ஊர்களுக்கு வந்தது. கரிசல்காட்டுக் கிராமங்களுக்கும் வந்தது.

அப்போது ஒரு சிறு வீட்டுக்கு 2 விளக்கு. ஒன்று 40 வாட். ஒன்று 60 வாட். மொத்தம் 100 வாட். அதற்கு ஏற்ற மெல்லிய வயரைச் சுவரில் ஓட்டினார்கள். அது போதுமானதாக இருந்தது.

பிறகு மின்விசிறி வந்தது. 2006-ம் ஆண்டு முதல் தமிழக அரசு இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. 2011-ம் ஆண்டு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஓய்வு கிடைத்தது. பெண்களின் தோளுக்கும் ஓய்வு கிடைத்தது. நல்ல காரியம்.

அதன்பின் பிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் போடும் கம்பி, தண்ணீர் மோட்டார் எல்லாம் வந்தன.

கணக்குப் பார்ப்போம். 1 குதிரைச் சக்தி மோட்டார் 746 வாட். இஸ்திரிப் பெட்டி சுமார் 1,000 வாட். மிக்ஸி சுமார் 500 வாட். பிரிட்ஜ், மின்விசிறி, டி.வி., வெந்நீர்க் கம்பி இவற்றையும் சேர்த்தால் 3,000 வாட்டைத் தாண்டிவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால், அந்தக் காலத்து 100 வாட்டைவிட 30 மடங்கு!

சாமான்கள் மாறின. வயர் மாறியதா? பல வீடுகளில் மாறவில்லை. தாத்தா காலத்து வயர் பேரன் காலத்து மோட்டாரை இழுக்கிறது. வயரில் பாயும் மின்சாரம் 2 மடங்கு ஆனால், சூடு 4 மடங்கு ஆகும். வயரின் மேல்தோல் காய்கிறது, வெடிக்கிறது, உதிர்கிறது. மழைக்காலத்தில் சுவர் நனைந்தால் அந்த வெடிப்பு வழியாக மின்சாரம் கசிகிறது.

சுளீர் என்கிறதா?

"கிரைண்டரைத் தொட்டா சுளீர்னு இருக்கு." இந்தப் பேச்சை எந்தத் தெருவிலும் கேட்கலாம்.

அதற்குப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு அரைக்கிறார்கள்! அல்லது ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நிற்கிறார்கள். வருஷக்கணக்கில் இப்படியே காலம் தள்ளுகிறார்கள். "லேசாத்தானே அடிக்குது" என்கிறார்கள்.

லேசாக அடிக்கிற மின்சாரம் என்று ஒன்று இல்லை. இன்று கால் காய்ந்திருந்தது; லேசாக அடித்தது. நாளை தரையில் தண்ணீர் சிந்தியிருக்கும். கை ஈரமாக இருக்கும். செருப்பு வாசலில் கிடக்கும். அன்று அதே கிரைண்டர் ஆளை விடாது.

2021-ம் ஆண்டில் மட்டும் மின்சாரம் தாக்கி இந்தியாவில் 12,500 பேருக்கு மேல் இறந்தார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொடுத்த கணக்கு இது. நாள் ஒன்றுக்கு 34 பேர்!

நெருப்பு கண்ணுக்குத் தெரியும். பாம்பு சீறும். மின்சாரம் தெரியவும் செய்யாது, சீறவும் செய்யாது. "சுளீர்" என்பதுதான் அது கொடுக்கும் ஒரே எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை கிடைத்த அன்றே ஆளைக் கூப்பிட வேண்டும்.

இது யார் வேலை?

விளக்கு அணைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தெருவில் எட்டிப் பாருங்கள்.

தெரு முழுவதும் இருட்டா? அது மின்வாரியத்தின் வேலை. கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர், மீட்டர் எல்லாம் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. "மின்னகம்" என்ற புகார் மையம் 2021-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் எண்: 94987 94987. இரவும் பகலும் பேசலாம். இந்த எண்ணைக் கதவின் பின்புறம் எழுதி வையுங்கள்.

உங்கள் வீடு மட்டும் இருட்டா? மீட்டருக்குப் பிறகு உள்ள பியூஸ், வயர், சுவிட்ச் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. அதற்குத்தான் எலெக்ட்ரீசியன் வேண்டும்.

இந்த எல்லைக்கோட்டை எல்லாரும் மதிக்க வேண்டும். "ஈ.பி.க்காரங்க வர நேரமாகும். நீயே கம்பத்தில ஏறிச் சரிபண்ணிடு, தம்பி" என்று எலெக்ட்ரீசியனிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தாட்சண்யத்துக்காக அந்தப் பையன் ஏறிவிடுகிறான். இது சட்டப்படி தவறு. அதைவிட, இது ஒரு தாயின் பிள்ளையைச் சாவுக்கு அனுப்புவது. கீழே லைனை நிறுத்தியதாக ஒருவர் நினைப்பார். வேறு ஒருவர் போட்டுவிடுவார். ஒரு மணி நேர இருட்டுக்கு ஓர் உயிர் விலை ஆகாது.

ஆள் வரும்வரை

எலெக்ட்ரீசியன் வரும்வரை வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு.

கருகிய நாற்றம் அடித்தாலோ பொறி பறந்தாலோ, மெயின் சுவிட்சை அணையுங்கள். அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் காட்டி வையுங்கள். அதன் முன்னால் அரிசி மூட்டையை அடுக்காதீர்கள்.

மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை அணைத்த பிறகு, உலர்ந்த மணலைப் போடலாம்.

விளக்குகள் திடீரென்று பளீர் என்று எரிகின்றனவா? மின்விசிறி பேய்போல் சுற்றுகிறதா? சந்தோஷப்பட வேண்டாம்! நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வந்துவிடும். டி.வி.யும் பிரிட்ஜும் கருகிவிடும். உடனே மெயினை அணையுங்கள். அண்டை வீட்டாரையும் அணைக்கச் சொல்லுங்கள். பிறகு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் யாரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால், பாசத்தில் ஓடிப்போய்த் தொடாதீர்கள். தொட்டவரையும் பிடிக்கும். முதலில் மெயினை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால், காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள். மூச்சு இல்லை என்றால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 தடவைக்குக் குறையாமல் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

தெருவில் அறுந்து கிடக்கும் கம்பி வேறு விஷயம். அதன் கிட்டேயே போகக் கூடாது. கட்டையும் உதவாது. ஆடு மாடு போகாமல் பார்த்துக்கொண்டு, புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

யார் எலெக்ட்ரீசியன்?

இடுக்கியும் டெஸ்டரும் வைத்திருப்பவர் எல்லாம் எலெக்ட்ரீசியன் அல்ல. ஊசி வைத்திருப்பவர் எல்லாம் டாக்டர் ஆவாரா?

இந்தத் தொழிலுக்குப் படிப்பு உண்டு. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு. நெல்லை பேட்டையில் இருக்கும் அரசு ஐ.டி.ஐ. இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது.

படிக்காமல், கூடவே இருந்து தொழில் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் பலர் உண்டு. அவர்களுக்கும் வழி இருக்கிறது. மின் கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று அரசு ஒரு தேர்வு நடத்துகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 5 ஆண்டு வயரிங் அனுபவம் வேண்டும். தேர்வு ஏட்டில் எழுதுவது அல்ல. கையால் செய்து காட்டுவது. தேறினால் சான்றிதழ் கிடைக்கும்.

வீடு முழுவதும் வயரிங் செய்வது, புதிய லைன் இழுப்பது போன்ற வேலைகளுக்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் வேண்டும். அந்த உரிமத்தைத் தருவது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். இது புதிதாக வந்த சட்டம் அல்ல. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. இன்றைய விதிகளும் அதையே சொல்கின்றன. பல்பு மாற்றுவது, பியூஸ் போடுவது, சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறு வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆகவே ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கேளுங்கள்:

"சான்றிதழ் இருக்கிறதா, தம்பி? பார்க்கலாமா?" இப்படிக் கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல தொழிலாளி பெருமையோடு எடுத்துக் காட்டுவார்.

அவர் வேலை செய்த 2 வீடுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் விசாரியுங்கள்.

அவர் வேலையைத் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். மெயினை அணைக்கிறாரா? அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்கிறாரா? காலில் செருப்பு இருக்கிறதா? இவற்றைச் செய்கிறவர் தம் உயிரை மதிக்கிறார். தம் உயிரை மதிக்கிறவர்தான் உங்கள் உயிரையும் மதிப்பார்.

"எல்லாம் பழகிப் போச்சு, அக்கா. மெயினை அணைக்க வேண்டாம்" என்று சொல்கிறவரை அன்றோடு அனுப்பிவிடுங்கள்.

கூலி

எலெக்ட்ரீசியன் மேல் மக்களுக்கு ஒரு குறை உண்டு. "அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவு ரூபாயா?" என்கிறார்கள்.

5 நிமிஷத்தில் தவறைக் கண்டுபிடிக்க, அவர் 5 ஆண்டு பழகியிருக்கிறார். மழையில், இரவில், வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வந்திருக்கிறார். அவர் கை வைக்கும் இடம் மரணம் குடியிருக்கும் இடம். துணிக்கடையில் பேரம் பேசாமல் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். உயிரைக் காக்கும் ஆளிடம் 50 ரூபாய்க்குச் சண்டை போடுகிறோம். இது நியாயமா?

எலெக்ட்ரீசியன் மேலும் நியாயம் தவறும் இடம் உண்டு. வேலை முடிந்த பிறகு தொகையைச் சொல்வது தவறு. மாற்ற வேண்டாத சாமானை மாற்றச் சொல்வது தவறு. ஒரு குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் செய்வதும் சந்தேகத்துக்கு இடம்.

இரண்டு பேருக்கும் வம்பு இல்லாத வழி இதுதான். வந்து பார்க்க எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பெரிய வேலையானால், ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாமான் பட்டியலை எழுதி வாங்கி, நீங்களே கடைக்குப் போங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது வாங்குங்கள். வேலை முடிந்ததும் எல்லாச் சுவிட்சையும் போட்டுப் பார்த்துப் பணம் கொடுங்கள். அன்றே கொடுங்கள். நாளைக்கு வா என்று நடக்க வைக்காதீர்கள். நாளை உங்கள் வீட்டில் இருட்டு வந்தால், அவரும் நாளைக்கு வருகிறேன் என்பார்!

முதலில் எதை மாற்றுவது?

வீட்டைப் புதுப்பிக்கும்போது பலரும் அழகைப் பார்க்கிறார்கள். வண்ண விளக்கு போடுகிறார்கள். விலை உயர்ந்த சுவிட்ச் போடுகிறார்கள். உள்ளே பழைய வயர் அப்படியே இருக்கிறது. பட்டுப்புடவைக்கு உள்ளே கந்தல் கட்டியது போல!

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் எர்த். மின்சாரம் கசிந்தால், அது மனிதன் வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக ஒரு பாதை. 3 முள் பிளக்கில் தடித்த முள் அதற்காகத்தான் இருக்கிறது. சிலர் அந்த முள்ளை உடைத்துவிட்டு 2 ஓட்டையில் சொருகுகிறார்கள். உயிர் போகும் பாதையைத் தாங்களே திறக்கிறார்கள். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழையில் இளகிக் கிடக்கும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அப்போது எர்த் குழியில் உள்ள கம்பியை மண் கவ்வாது. கோடையில் அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை எலெக்ட்ரீசியனை விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உயிர் காக்கும் கருவி. ஆர்.சி.டி. என்று சொல்வார்கள். கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டாலும் கொடுப்பார்கள். இதையும் எம்.சி.பி.யையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும். ஆர்.சி.டி. ஆளைக் காப்பாற்றும். வீட்டுக்குப் போடும் கருவி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்திவிடும். ஒரு சின்ன 9 வாட் பல்பு இழுக்கும் மின்சாரத்தைவிட இது குறைவு! கண் சிமிட்டும் நேரத்துக்குள் நிறுத்திவிடும். புதிய இணைப்புகளுக்கு 2021-ம் ஆண்டு தமிழ்நாட்டில் இதைக் கட்டாயம் ஆக்கினார்கள். பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கும் உயிர் உண்டு. அவர்களும் போட வேண்டும். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அமுக்குங்கள். சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லை என்றால் கருவி கெட்டுவிட்டது.

மூன்றாவது, வயர். மோட்டார், வெந்நீர்க் கம்பி, இஸ்திரிப் பெட்டி இவற்றுக்குத் தனி லைன் தடித்த வயரில் வேண்டும். விளக்கு லைனில் சொருகக் கூடாது. பச்சை வயர் எர்த். கறுப்பு நியூட்ரல். இந்த நிறங்களை மாற்றிப் போடுகிறவரைத் தடுங்கள். அடுத்து வரும் எலெக்ட்ரீசியன் அந்த நிறத்தை நம்பித்தான் கை வைப்பார்.

கடைசியாக, செலவைக் குறைக்கும் மாற்றங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுக்கும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு கொடுக்கும். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற புது வகை சுமார் 30 வாட் இழுக்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால், 60 நாளில் பழையது 54 யூனிட் எடுக்கும். புதியது 22 யூனிட்டுக்குள் எடுக்கும். விலை கூடுதல்தான். ஆனால் மிச்சமும் உண்டு.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டரில் இருந்து வயரில் மின்சாரம் வரும். எலெக்ட்ரீசியன் வந்ததும் முதலில், "தம்பி, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் ஓர் உயிர் இருக்கிறது.

கொடிக்கம்பி

எலெக்ட்ரீசியனை அழைக்காமலே இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருக்கிறீர்களா? அது மின் கம்பத்தையோ, கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பியையோ, சர்வீஸ் வயர் தொங்கும் பைப்பையோ தொடுகிறதா? உடனே அவிழ்த்துவிடுங்கள். கயிறு கட்டுங்கள். மழைநாளில் ஈரத்துணியைப் போடப் போன எத்தனையோ பெண்கள் அந்தக் கம்பியில் இறந்திருக்கிறார்கள்.

ஊர் செய்ய வேண்டியது

எல்லாப் பாரத்தையும் வீட்டுக்காரர் தலையில் வைப்பது சரி அல்ல. சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிடு என்கிறது சட்டம். சான்றிதழ் உள்ளவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று சொல்வது யார்?

2019-ம் ஆண்டு தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. திருவேங்கடம் அதில் ஒரு தாலுகா. தாலுகா ஆபீஸ் உண்டு. பேரூராட்சி உண்டு. இந்த ஆபீஸ்களின் வாசலிலும், ஊர்தோறும் உள்ள மின்வாரிய ஆபீஸ் வாசலிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் சான்றிதழ் பெற்ற எலெக்ட்ரீசியன்கள் பெயரையும் போன் எண்ணையும், அவர்கள் சம்மதத்தோடு, பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை திருத்த வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயிண்ட்!

கையால் தொழில் பழகிய பையன்களுக்குச் சான்றிதழ்த் தேர்வு இருப்பதே தெரியாது. விண்ணப்பம் எழுதத் தெரியாது. ஆண்டுக்கு ஒரு நாள் முகாம் போட்டு அவர்களை எழுத வைக்க வேண்டும். அவர்களை விரட்டினால் ஊருக்கு நஷ்டம். தகுதி உள்ளவர்கள் ஆக்கினால் ஊருக்கு லாபம். சொந்த ஊரில் மரியாதையும் வருமானமும் கிடைத்தால், அந்தப் பையன் ஏன் திருப்பூருக்குப் போகிறான்?

வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களும் யோசிக்க வேண்டும். மாதம் பிறந்தால் வாடகை வாங்குகிறார்கள். வயரைப் பார்ப்பது இல்லை. குடியிருப்பவர் கேட்டால், "இஷ்டம் இருந்தா இரு" என்கிறார்கள். சுவருக்குள் இருக்கும் வயர் வீட்டுக்காரர் சொத்து. அதைப் பழுது பார்ப்பது அவர் கடமை.

இன்றைக்கே

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசும். கம்பியோடு கம்பி உரசும். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல்காட்டில் மழை இறங்கும். சுவர் நனையும். இரண்டு காலமும் ஆண்டுதோறும் வருகின்றன. முன்கூட்டியே தெரிந்துதான் வருகின்றன.

விவசாயி மழைக்கு முன்பே வரப்பைப் பார்க்கிறான். கூரை வீட்டுக்காரர் மழைக்கு முன்பே கூரை வேய்கிறார். அதுபோல மழைக்கு முன்பே, வெளிச்சம் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்ல எலெக்ட்ரீசியனை வீட்டுக்கு அழையுங்கள். ஒரு காபி கொடுங்கள். "தம்பி, வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் எண்ணைக் கதவின் பின்புறம் எழுதி வையுங்கள்.

அந்த மழை இரவுக்கு மறுபடியும் போவோம். விளக்கு அணைகிறது. வீட்டுக்காரர் கதவின் பின்புறம் பார்க்கிறார். போன் செய்கிறார். தெரிந்த குரல் பேசுகிறது: "மெயினை அணைச்சிட்டு உக்காருங்க, அண்ணாச்சி. இதோ வாரேன்."

வீட்டில் இருட்டுத்தான். ஆனால் யாருக்கும் பயம் இல்லை.